பதினான்காம் நம்பர் வீட்டுப் பூனைகள்

சூரியநெல்லி, மேல் லயம்
8ஆம் தேதி

ஏழு பூனைகளை விட்டுவிட்டு ஓடிப்போன கருத்தப்பாண்டி மாமாவுக்கு, உங்கள் தங்கச்சி மகள் பிரதீபா எழுதுவது. அம்மா நலம், நான் நலம், பூனைகள் எல்லாரையும்விட நலம். நீங்களும் அத்தையும் பெருமாட்டியில் உங்கள் மகள் சித்ரா அக்கா வீட்டில் வெயிலும் தேங்காயுமாக நன்றாகத்தான் இருப்பீர்கள். போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

ரிட்டயர் ஆகி, வீட்டுச் சாவியைத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஒப்படைத்த அன்று என்ன சொன்னீர்கள்? “ரெண்டு பூன வாசல்ல நிக்கும், ஒரு கை சோறு போட்டுரு புள்ள.” மறுநாள் எண்ணினேன். ஏழு. அதில் இரண்டுதான் மனிதரோடு பழகியவை. மற்ற ஐந்தும் ஆளைக் கண்டால் தகரக் கூரைக்கு ஏறிவிடும். அந்த ஒற்றைக் காது கடுவனுக்குத் துரை என்று நீங்கள் பேர் வைத்தது ஏன் என்று முதல் நாளே புரிந்துவிட்டது. கிட்டே வராது, கையால் கொடுத்தால் வாங்காது, ஆனால் பங்கு மட்டும் முதலில் வேண்டும். எட்டு நாள் சாயங்காலம் உங்கள் பதினான்காம் நம்பர் வீட்டு வாசலில் கருவாட்டை வைத்துவிட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா, “என்னடி, பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி இப்பிடித் திரும்பி ஒக்காந்தா எவன் கட்டுவான்?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் துரை என் சேலை முந்தானையை நக்கியது. அதே சேலையோடு ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போனேன். ரிசப்ஷனில் ஒரு விருந்தாளி அம்மா மூக்கைச் சுளித்து இது என்ன வாசனை என்று கேட்டார். மலைப்பூ என்று சொல்லிவிட்டேன். அதில் அத்தர் கிடைக்குமா என்று கேட்டார்.

பழக்கியது வளர்க்க அல்ல, பிடித்து வேறு வீடுகளில் சேர்க்க. உங்கள் லய வீட்டு வரிசையை இடித்து, சுற்றுலாக்காரர்கள் தங்க ‘பழைய தொழிலாளர் குடில்’ என்று கட்டப்போகிறார்கள். முப்பத்தாறு வருடம் ஒழுகிய கூரையை உங்களுக்காக மாற்றாதவர்கள், வருகிறவர்களுக்கு அதே மாதிரி கூரையைப் புதிதாகச் செய்யப்போகிறார்கள். ஃபீல்டு ஆபீசர் ஸ்ரீஜித் அப்போதே வந்து, இந்த மாதத்துக்கு நாள் குறித்து, “முப்பதாந் தேதி ஆளு வரும். பூச்சய எல்லாம் பிடிச்சு காட்டோரத்துல விடும், கேட்டோ” என்றார். அவர் மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை, காட்டோரம் என்றால் சிறுத்தைக்குக் காலைப் பலகாரம். நான் வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழையும் சாக்கில் போட்டு, வழி தெரியாமல் இருக்க மூன்று சுற்றுச் சுற்றி, லயத்தில் மூன்று வீட்டுக்கும் பஜாரில் இரண்டு கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று முழுக்க ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதில் ஒன்றை வாங்கிய மூக்கம்மாள் அக்காவுக்கு ஒரே பெருமை. “ஏங் கைச்சோறு தின்னா பூன என்ன, புருசனே எங்கிட்டும் போவமாட்டான்.” திங்கட்கிழமை மதியம் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. ஊதி அடங்குவதற்குள் ஏழும் பதினான்காம் நம்பர் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பஜார் கடைக்காரர் துரையைத் துரத்திக்கொண்டு தராசுத் தட்டோடு ஓடி வந்தார். மறு வாரமும் ஞாயிறு கொடுத்தேன், திங்கள் வந்தன. மூன்றாவது வாரம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஞாயிறு ஃபேக்டரிக்கு லீவு, சங்கு ஊதாது. நீங்கள் மதியச் சங்குக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை அப்போதே வாசலில் வைத்திருக்கிறீர்கள். பசிக்குப் போடவில்லை மாமா, சங்குக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கம்பெனி செய்ததை நீங்கள் பூனைக்குச் செய்திருக்கிறீர்கள்.

ஆகவே சங்கு கேட்காத இடம்தான் வழி. சித்திரபுரத்திலிருந்து அன்னாள் டீச்சர் வந்து நான்கை எடுத்துப்போனார். மூன்று வாரம் ஆகிறது, சுகமாக இருக்கின்றன. மீதி மூன்று. அதில் துரையும் உண்டு. உங்கள் பக்கம் தோப்பு நிறைய எலி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போன வாரம் சித்ரா அக்காவின் மாமனார் அர்த்தநாரிதான் போனை எடுத்தார். “ஏனுங்க அம்மிணி, நம்ம ஊட்டுல கோழி இருக்குதுங்க, பூனையெல்லாம் ஆகாதுங்க. உங்க மாமா தோப்புக்குள்ள இருக்காருங்க. அங்கயேதான் படுத்துக்கறாருங்க.” கோழிக்குக் கூடு இருக்கும், தோப்பில் உங்களுக்குக் கட்டில் இருக்கும். அந்தக் கட்டிலுக்கு அடியில் மூன்று பூனைக்கு இடம் இருக்காதா? வேல்முருகன் அண்ணன் இருபத்தைந்தாம் தேதி பொள்ளாச்சி சந்தைக்கு ஜீப் எடுக்கிறார். மூன்றையும் ஏற்றிவிடுவேன். நீங்கள் சந்தைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பத்தாறு வருடம் துரைமார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினீர்கள். சம்பந்தியிடம் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பேசினால் ஒன்றும் கெட்டுவிடாது.

அத்தைக்கு என் வணக்கம். சித்ரா அக்காள் பிள்ளைக்கு ஒரு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன், உங்களைத் தவிர.

இப்படிக்கு,
பிரதீபா

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா கையில் ஆபீஸ் தாள். அடுத்த மாதம் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, ரிட்டயர். இடிக்கிற வரிசையில் எங்கள் வீடும் சேர்ந்துவிட்டது. நான் எஸ்டேட்டில் வேலை செய்யாததால் வேறு வீடு கிடையாது. அம்மா தாளை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அந்தப் பூனைகளுக்கு மாமாகிட்ட எடம் கேட்டு எழுதிட்டியா? அத அடிச்சுரு. அண்ணங்கிட்ட ஒருவாட்டிதான் கேக்க முடியும்” என்றாள். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலைப் பற்றி எழுதியதையும்தான். பூனை மூன்றையும் எங்கள் வீட்டுக்குள் அடைத்துவிட்டேன், இந்த மாதக் கடைசியில் பூனை பிடிக்க வருகிறவர்கள் பூட்டிய வீட்டைத் திறக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அம்மாவும் நானும் வந்து தங்கப் பெருமாட்டியில் இடம் இருக்கிறதா? உண்டு, இல்லை, ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.