தேசிக்காய் கண்ட கர்ப்பம்

வல்வெட்டித்துறையில் ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், இருந்தது. டொக்டராவதற்கு வருடக்கணக்கில் படிக்கவேண்டும். அந்தத் தேசிக்காய்க்கு ஒரு முழம் நூல் போதும். நூலில் கட்டி வயிற்றுக்கு மேல் பிடித்தால் சுற்றும். வலம் சுற்றினால் ஆண், இடம் சுற்றினால் பெண். சுற்றாவிட்டால் காணிக்கை போதாது.

நூலின் மறுநுனியில் ஆழ்வாப்பிள்ளைச் சாமியார். வாசலில் பலகை: "ஸ்கானுக்குத் தெரியாதது சாமிக்குத் தெரியும்." உடுவிலிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். கனடாவிலிருந்து வீடியோவில் வயிற்றைக் காட்டினார்கள். தேசிக்காய்க்கு விசா தேவையில்லையே! சாமி பெண்களின் முகம் பார்க்கமாட்டார், அவ்வளவு பிரமச்சரியம். ஆகவே எல்லாரும் தலை முதல் கால் வரை போர்வையால் மூடி, வரிசையாய்ப் பாயில் கிடக்கவேண்டும்.

தக்சாயினிக்குக் கலியாணமாகி ஏழு வருடம் கழித்து நாள் தள்ளியிருந்தது. சோதனைக் குச்சியில் இரண்டு கோடு. ஸ்கானில் கருப்பையின் உட்சுவர் நன்றாகத் தடித்திருந்தது, பிள்ளையைத்தான் காணவில்லை. "ரெண்டு நாளிலை கட்டாயம் வாங்கோ" என்றார் டொக்டர். மாமியார் இரத்தினம்மா மருமகளைத் தேசிக்காயிடம் கூட்டிப்போனார்.

"பிள்ளை மாயத்திரைக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கு" என்றார் சாமி. தக்சாயினியின் தங்கக் காப்பு தட்டில் விழுந்தது.

நான்காம் நாள் வயிற்றுவலியோடு முக்கோணமாய் ஒரு சதைத்துண்டு வெளியே வந்தது. இரத்தினம்மா அதையும் மருமகளையும் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினார். சாமி அதை ஊறுகாய்ப் போத்தலில் போட்டுக் குங்குமம் வைத்தார்.

"திரை கழண்டு விழுந்திட்டுது! இனிப் பிள்ளை இறங்கும்!"

சனம் போத்தலைக் கும்பிட்டது. ஒருவர் கற்பூரமும் கொளுத்தினார். அடுத்த மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிச் சாமி உள்ளே போனார். ஊறுகாய்ப் போத்தலுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

கிளினிக்குக்கு வராதவளைத் தேடி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மருத்துவமாது பத்மாசினி. போத்தலைப் பார்த்தார். மூன்றாம் பாயில் வெளிறிக் கிடந்த தக்சாயினியைப் பார்த்தார். உடனே போனை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"தோள்மூட்டும் நோகுது, மிஸ்" என்று முனகினாள் அவள்.

"அம்மா, இது திரையுமில்லை, பேயுமில்லை" என்றார் பத்மாசினி. "கரு கருப்பைக்குப் போற குழாய்க்குள்ளையே தங்கிட்டுது. சேதி மட்டும் கருப்பைக்குப் போய்ச் சேந்திட்டுது. அது பாவம், ஆள் வருகுதெண்டு நம்பி மெத்தை விரிச்சு வைச்சது. ஆள் வரேல்லை. அந்த மெத்தைதான் இப்ப கழண்டு விழுந்திருக்கு. கரு இன்னும் குழாய்க்குள்ளைதான். தோள் நோகுதெண்டா வயித்துக்குள்ளை ரத்தம் கசியத் தொடங்கிட்டுது. குழாய் வெடிச்சா உங்கடை மருமோள் தப்பமாட்டாள்."

"சாமி மூண்டாந்தரம் பாக்காமல் எழுப்பக்கூடாது, மிஸ்!" என்று மறித்தார் இரத்தினம்மா.

"பாக்கட்டும். அம்புலன்ஸ் வாறதுக்குள்ளை பாக்கட்டும். ஆனா உந்தப் பாயிலை இவள் கிடக்கமாட்டாள்."

பத்மாசினி சுற்றும் பார்த்தார். இவர்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் ஏரம்பு வாசலில் நின்றார். கள்ளும் கணவாய்க்கறியும் பார்த்துப் பார்த்து வளர்த்த தொந்தி அவருக்கு.

"அண்ணை, ஒருக்காப் படுங்கோ."

"நானோ?"

"ஓம். மூச்சுக் காட்டாதேங்கோ."

தக்சாயினியை இரண்டு பெண்கள் விறாந்தைக்குத் தாங்கிப் போனார்கள். ஏரம்பு போர்வைக்குள் போனார். மணி அடித்தது, சாமி எழுந்தருளினார். மூன்றாம் பாயில் எழுந்து நின்ற தொந்தியைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன. தேசிக்காய் சும்மா சுற்றவில்லை, காற்றாடி போலச் சுழன்றது.

"இறங்கிட்டுது! பிள்ளை இறங்கிட்டுது! ஆம்பிளைப் பிள்ளை! ஒரே நாளிலை ஏழு மாச வளர்ச்சி! தாயே, மனசிலை என்ன ஆசை, சொல்லு!"

போர்வை விலகியது. மீசை தெரிந்தது.

"ஒரு போத்தல் கள்ளு, சாமி" என்றார் ஏரம்பு.

சனம் ஓலைக்கூரை அதிரச் சிரித்தது. இரத்தினம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என்ரை பிள்ளை!" என்று கத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். அம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்குள் சாமி பின்வேலியால் போய்விட்டார். தேசிக்காயை மறந்தவர், காப்பை மறக்கவில்லை.

சத்திரசிகிச்சையில் ஒரு குழாய் போனது. தக்சாயினி பிழைத்தாள். இழந்த கருவை நினைத்து அவள் அழுதபோது, காலடியில் உட்கார்ந்து இரத்தினம்மாவும் அழுதார். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் அழ ஒருவர்தான் மிஞ்சியிருப்பார்.

காங்கேசன்துறையில் இப்போது ஒருவர் முட்டையை உருட்டிப் பிள்ளை பார்க்கிறாராம். தேசிக்காயைப் பார்த்துச் சிரித்த அதே சனம் அங்கே வரிசையில் நிற்கிறது. பொய்ச் சேதியை நம்பி, வராத ஆளுக்கு மெத்தை விரித்தது கருப்பை. அதை மன்னிக்கலாம், அதற்கு மூளை கிடையாது. வரிசையில் நிற்பவர்களே, நீங்கள் என்ன சாட்டுச் சொல்லப்போகிறீர்கள்?