டிவிக்குப் பின்னால் நின்ற பொறுங்க காக்கா

இலங்கைத் தீவிலேயே டிவிப் பெட்டியின் முதுகோடு அதிக நேரம் நின்ற மனிதர் யாரென்று கேட்டால், எங்கள் கல்முனைத் தெருவின் ‘பொறுங்க காக்கா’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

எண்பதுகளின் நடுவில் சவுதியிலிருந்து லீவில் வந்தார். மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவர, இவர் தட்டெழுத்து மெசின் மாதிரி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாமி வீட்டு டிவியில் கொழுவினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே டிவியும் மாமியுடையது, ஆட்சியும் மாமியுடையது. மெசினின் பொத்தான்களில் அரபு எழுத்து இருந்ததால், முதல் கிழமை மாமி தொழப்போவதுபோல் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யாமல் அதன் கிட்டப் போகவில்லை. உள்ளே இருப்பது ஓதல் அல்ல, யுத்த விளையாட்டு என்று தெரிந்த பிறகு வீட்டுக்குள்ளும் யுத்தம் வந்தது.

விளையாட்டு முறைவைத்து நடக்கும். நாம் நமது படைகளை நகர்த்தி முடிந்தால்தான் மெசின் தன் படைகளை நகர்த்தும். அதுவரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். காக்காவுக்கோ பொறுமை கிடையாது. கோட்டையைக் கண்டால் இருக்கிற குதிரைகளையெல்லாம் அனுப்பிவிடுவார். மெசின் பின்பக்கத்தால் வந்து அவருடைய கோட்டையில் குடியேறிவிடும். முதல் மாதம் முழுக்கத் தோல்விதான். நானும் பக்கத்துத் தையல்காரனும் பார்த்து அலுத்துப்போனோம்.

ஒருநாள் திடீரென்று எழுந்து டிவிக்குப் பின்னால் போய் நின்றார்.

“என்ன காக்கா, வயர் கழண்டிட்டா?” என்றான் தையல்காரன்.

“பொறுங்க. அவன்ட பக்கத்தில நின்டு பாக்கிறன். இங்க இரிந்து பாத்தா நாம சரியான மடயனுகள்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் “பொறுங்க” என்பார். பின்னால் போவார், நாடியில் கைவைத்து எங்களை எதிரியாகப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரேயொரு குதிரையை ஓரடி நகர்த்துவார். முன்பு தேத்தண்ணி வருமுன் தோற்றவர், இப்போது தேத்தண்ணி ஆறிய பிறகு தோற்றார். இதை அவர் முன்னேற்றம் என்றார்.

வியாதி தெருவுக்கும் பரவியது. மீன்காரன் விலை சொன்னால், “பொறுங்க, இப்ப என்ட முறை” என்று சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போய், அவன் நின்ற இடத்தில் நின்று தன் வீட்டையே பார்ப்பார். “இவ்வளவு பெரிய வீட்டைக் கண்டா நானும் கூடத்தான் சொல்லுவன்” என்று கேட்ட விலையைக் கொடுப்பார்.

“அங்க ஒட்டகம் கிட்டகம் தலையில உதைச்சிருக்கும்,” என்று மாமி அயலெல்லாம் சொல்லிவைத்தார்.

லீவு முடிந்தது. ஞாயிறு பிளேன், அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கடைசியாக ஒரு யுத்தம் தொடங்கினார். அன்று என்ன பரக்கத்தோ, மெசினுக்கு ஒரேயொரு கோட்டைதான் மிச்சம்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயிக்கப்போகிறார். ஆனால் கம்பி வேலைக்காக பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தோடு கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள். விளையாட்டை ரெக்கார்டர் வழியாகச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்துவைத்தால் பிறகு விட்ட இடத்திலிருந்து விளையாடலாம், இல்லாவிட்டால் அவ்வளவும் பாழ். அந்த நேரம் பார்த்து அவருடைய கேசட்டை ரெக்கார்டர் இழுத்துச் சப்பிவிட்டது. வெள்ளிக்கிழமை, கடைகளும் பூட்டு.

ரெக்கார்டருக்கு மேலிருந்த தட்டில் இன்னொரு கேசட் இருந்தது. கத்தாரிலிருக்கும் மாமியின் ஒரே மகன் பேசி அனுப்பியது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் குரல் கேசட்டில்தான் வரும். மாமி தினமும் போட்டுக் கேட்பார். மகன் இருமும் இடம் வந்தால், “கொத்தமல்லி அவிச்சுக் குடி மகன்” என்று இங்கிருந்து சொல்வார்.

“மறுபக்கத்தில பதிங்க காக்கா,” என்று தையல்காரன் துடித்தான். “அதில ஊராக்களுக்குச் சலாம் சொல்றதுதானே இரிக்கி. மாமி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கத்தக்குள்ள நீங்க பிளேன்ல!”

“பொறுங்க.”

கேசட்டைக் கையில் எடுத்தார். டிவிக்குப் பின்னால்தான் போவார் என்று பார்த்தோம். போகவில்லை. ரெக்கார்டருக்குப் பக்கத்தில் மாமி கேசட் கேட்க உட்காரும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். நாடியில் கைவைத்து எங்களைப் பார்த்தார்.

“இங்க இரிந்து பாத்தா ஏலாது,” என்றார். கேசட்டை அதன் பெட்டிக்குள் போட்டுத் தட்டில் வைத்தார். பாங்கு கேட்டது. டிவி அணைந்தது.

குசினி வாசலில் மாமி தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அணைந்த டிவிக்குப் பின்னால் போனார். நாடியில் கைவைத்து மருமகனை நன்றாகப் பார்த்தார்.

“இங்க நின்டு பாத்தா மருமகன் அவ்வளவு மோசமில்ல,” என்றார்.

எனக்கு அவரை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பிடிக்கும்.