நங்கூரத்தண்ணையின் கிரேக்கச் சொல்

ஒரேயொரு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு சீவியம் முழுவதையும் ஓட்டின மனுசர் உலகத்திலேயே எங்கள் நங்கூரத்தண்ணை ஒருவராய்த்தான் இருப்பார். இரண்டாவது கிரேக்கச் சொல் அவருக்குத் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

அந்தச் சொல் ‘புரோட்ரோமோஸ்’. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காதால் கேட்டபடி எழுதுகிறேன். புதிய ஏற்பாட்டில், எபிரேயருக்கு எழுதின நிருபத்தில், ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறதாம். தமிழ் வேதத்தில் ‘முன்னோடினவர்’ என்று இருக்கிறது. ஆனால் எப்போதோ வந்துபோன ஒரு பிரசங்கியார், அது ஒரு சின்னப் படகு என்று விளக்கம் சொன்னாராம். பெரிய கப்பல் வெளியே காற்றுக்குள் நிற்கும். உள்ளே வர ஏலாது. சின்னப் படகு அந்தக் கப்பலின் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு முன்னால் துறைமுகத்துக்குள் போய் இறக்கிவிடும். அதன்பிறகு என்ன காற்று அடித்தாலும் கப்பல் அள்ளுண்டு போகாது. கயிறு பிடித்திருக்கும். கடல் பெருகினதும் மெல்ல உள்ளே வந்துவிடும்.

நங்கூரத்தண்ணைக்குத் துறைமுகத்தில் வேலை. வருகிற கப்பலின் கயிற்றைச் சின்ன லாஞ்சிப் படகில் வாங்கிக்கொண்டுபோய் மிதவையில் கட்டவேண்டும். பிரசங்கத்தைக் கேட்டவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம்.

“கேட்டியளோ? என்ட வேலை வேதத்தில இருக்கு!”

அன்றிலிருந்து அவரை நிற்பாட்ட ஏலவில்லை. தோப்பூர் பஸ்ஸில் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் தொடங்கினார். அந்த மனுசன் இறங்க எழும்ப, “நானா, இருங்கோ, படகு இன்னும் உள்ளுக்குப் போகேல்லை” என்று கையைப் பிடித்து இருத்திவிட்டார். பாவம் நானா, படகு போய்ச் சேர்ந்த பிறகு இறங்கி, வந்த வழியே நடந்தாராம்.

அன்புவழிபுரத்தில் ஒரு கலியாண வீடு. மூத்த மகள் ஆரோ ஒருவனோடு ஓடிப்போக, இளையவளுக்குக் கலியாணம். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். இவர் எழும்பி, “முன்னால போனவளை மறந்திடாதேங்கோ. அவள்தான் கயிறு கொண்டுபோன படகு!” என்றார். தகப்பன் கதிரையைத் தூக்கிவிட்டார். என் மனுசன்தான் இடையில் விழுந்து, “அண்ணை, வாயைச் சோத்துக்கு மட்டும் திறவுங்கோ” என்று இழுத்துக்கொண்டு வந்தார்.

என் மனுசன் கடல் தொழில். பின்னேரங்களில் நங்கூரத்தண்ணையைச் சீண்டாவிட்டால் இவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

“அண்ணை, எங்கட துறைமுகம் என்ன ஆழம்! எந்தப் பெரிய கப்பலும் நேர உள்ளுக்கு வரும். இங்க உங்கட படகுக்கு என்ன வேலை?”

“அடேய், இது திருகோணமலை. மோட்சத்தின்ட வாசல் ஒடுக்கம். உன்ட வண்டி வயித்தோட நேர போகேலாது!”

நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரிப்பேன். ஆட்களுக்கு முன்னால் வந்து கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் செத்த வீட்டில் அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பெட்டி மூட முதல் தலைமாட்டில் வந்து நிற்பார். “போனவர் கயித்தைக் கொண்டுதான் போயிருக்கிறார். மற்ற நுனி எங்களிட்ட இருக்கு” என்பார். அழுகிற ஆட்களின் கை தன்பாட்டில் எதையோ பிடிக்கப் பார்க்கும்.

பிறகு ஒரு இளம் போதகர் வந்தார். கிரேக்கம் படித்தவர், நல்ல பிள்ளை. கோயில் வாசலில் மரியாதையாகத்தான் சொன்னார்.

“ஐயா, அந்தச் சொல்லுக்கு முன்னால ஓடிப்போறவர் எண்டுதான் கருத்து. இயேசுவைச் சொன்னது. படகு பிறகு ஆரோ சேர்த்த கதை.”

“அப்ப நங்கூரம்?”

“நங்கூரம் இருக்கு, முந்தின வசனத்தில. படகுதான் இல்லை.”

“படகில்லாமல் நங்கூரம் எப்பிடித் தம்பி உள்ளுக்குப் போகும்?”

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நங்கூரத்தண்ணை சிரிக்கவில்லை. அன்றோடு அந்தச் சொல் நின்றுபோனது. பஸ்ஸில் பேசாமல் இருந்தார். செத்த வீடுகளில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு எழும்பிப் போனார். வேதத்தில் இருந்து தன்னுடைய வேலையை ஆரோ எடுத்துப்போட்ட மாதிரி.

அந்த நேரத்தில்தான் என் மனுசன் போனார். விடியக் கடலால் வந்து, வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தவர், எழும்பவில்லை.

ஜெபம் முடிந்தது. பெட்டியை மூட வந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மூடினால் இவர் எங்கேயோ, நான் எங்கேயோ. நங்கூரத்தண்ணை கொட்டகைக் கம்பத்தோடு தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் எழும்பினேன். என் குரலைப் பாதிச் சனம் அன்றைக்குத்தான் கேட்டிருக்கும்.

“அண்ணை, அந்தப் படகைச் சொல்லுங்கோ.”

“அது பிழையாம், தங்கச்சி.”

“பிழையெண்டாலும் சொல்லுங்கோ. அதைக் கேக்காமல் அவரை அனுப்ப என்னால ஏலாது.”

அவர் போதகரைப் பார்த்தார். அந்தப் பிள்ளை தலைமாட்டை விட்டு விலகி இடம் கொடுத்தது. நங்கூரத்தண்ணை வந்து பெட்டியில் கையை வைத்தார். “புரோ…” என்றார். மிச்சம் வரவில்லை.

“அடேய்,” என்றார் பிறகு, “உன்ட வண்டியைச் சொல்லிப் பகிடி விட்டனான். கடைசியில நீயே சின்னப் படகாய் எனக்கு முன்னால உள்ளுக்குப் போயிட்டாய், என்ன? கயித்தை இறுக்கிக் கட்டு. நானும் தங்கச்சியும் வெளியில நிக்கிறம்.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போன மாரிகாலத்தில் நங்கூரத்தண்ணையும் போய்விட்டார். பின்னேரத்தில் நான் தனியக் கரைக்குப் போவேன். காற்று அடிக்கத்தான் செய்கிறது. அடிக்கட்டும். முந்தி எனக்கு உள்ளே ஒரு கயிறுதான் இருந்தது. இப்போது இரண்டு.