வள்ளி எந்த அறையில்?

"ஒம்போது பொருத்தம் இருக்குதுங்க! பத்துக்கு ஒம்போது!" என்று கத்திய முருகையன், திரையில் அடுத்த வரியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"அப்புறம் இன்னா தம்பி? பொண்ணு பேரைப் படி" என்றார் கோதண்டராமன்.

"பொண்ணு பேரு... இருசப்பன்."

"யாருய்யா இருசப்பன்?"

"லாரி ஓட்டுறாருங்க. போன வாரம் ஜாதகம் போட்டுக்கிட்டுப் போனாரு."

எண்பத்தெட்டாம் வருஷம். தேரடித் தெருவில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் முருகையன்தான் ஆபரேட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சாமிக்கு இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை உண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து கோதண்டராமனும் அவர் சம்சாரம் வெள்ளையம்மாளும் மகள் வள்ளியின் ஜாதகத்தோடு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, முருகையனேதான். "ஊர் ஜோசியரை எல்லாம் நான் நம்புறதில்ல, உன் பொட்டியே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார் கோதண்டராமன். பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து முருகையனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் வள்ளியைத்தான் கட்டுவது என்று இருந்தான்.

"சின்னத் தப்புங்க" என்றான். "உள்ள ரூம் ரூமா இருக்கும், டைரக்டரினு பேரு. ஆம்பளைங்க ஜாதகம் ஒரு ரூம்ல, பொம்பளைங்க ஜாதகம் ஒரு ரூம்ல. நான் எழுதின ப்ரோக்ராம் முதல்ல ஆம்பளை ரூமுக்குப் போய் என்னை எடுக்கும். அப்புறம் பொம்பளை ரூமுக்குப் போய் உங்க பொண்ணை எடுக்கணும்."

"போவலியா?"

"முதல் ரூமை விட்டு வெளிய வான்னு நான் எழுதலைங்க. உள்ளயே நின்னுக்கிட்டு பொம்பளை ரூமைத் தேடியிருக்குது. உங்க பொண்ணு நம்பர் ரெண்டு. அங்கயே ரெண்டாம் நம்பர்ல இருந்தவரை எடுத்துக்கிச்சு."

"கோயில்ல முன்வாசல் ராஜகோபுரத்துல செருப்பை விட்டுட்டு பின்வாசல் பேய்க்கோபுரத்துல வந்து தேடுறாப்பல."

"அதேதாங்க!"

'வெளியே வா' என்று ஒரு வரி சேர்த்தான். அதோடு விட்டிருக்கலாம். வள்ளி பத்திரமாக இருக்கிறாளா என்று பெண்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போனான். இருந்தாள். அந்தச் சந்தோஷத்தில், ப்ரோக்ராமுக்கு அங்கேயே ஒரு நகல் போட்டு, நின்ற இடத்திலிருந்தே ஓட்டிவிட்டான். பெண்கள் அறைக்குள் ஆண்கள் அறையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

"பொண்ணு வள்ளி!" என்றான். "பாருங்க, சரியா வந்துடுச்சு!"

"மாப்பிள்ளை?"

"தங்கம்மாள்."

கோதண்டராமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாப்பா வெளையாடறியா? ஒரு தடவை லாரிக்காரன், ஒரு தடவை தங்கம்மாளு! இப்ப நீ எங்கப்பா இருக்கற?"

அதுதான் முருகையனுக்கும் தெரியவில்லை. நாற்காலியில் இருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம். பெட்டிக்குள் எந்த அறையில் நிற்கிறோம் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றான் சிரித்த முகமாக. 'சோதனை' என்று மூன்றாவதாக ஓர் அறை கட்டினான். அங்கே ஒத்திகை பார்த்தான், குழம்பினான், திரும்ப எழுதினான். மின்விசிறி ஓடியும் முதுகு நனைந்தது. கோதண்டராமன் ரெண்டு தரம் எழுந்து, ரெண்டு தரம் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாளோ வெற்றிலையை மென்றபடி முருகையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியாயிடுச்சுங்க. இந்தச் சோதனை ரூம்ல இருக்கற குப்பையைக் கூட்டிட்டு ஒரே தட்டு தட்டிடறேன்."

சோதனை அறைக்குப் போ என்றான். அந்த அறை இங்கே இல்லை என்று பெட்டி ஒரு வரி சொன்னது, முருகையன் கவனிக்கவில்லை. இருக்கிறதை எல்லாம் அழி என்றான். நிச்சயமாகத்தானா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்று தட்டினான்.

பிறகுதான் எந்த அறையில் நிற்கிறோம் என்று பார்த்தான். பெண்கள் அறை. ஒத்திகையில் ப்ரோக்ராம் கடைசியாகப் போய் நின்ற இடம். சுத்தமாகக் கூட்டியிருந்தது.

"இன்னா தம்பி, முழிக்கற?"

"உங்க பொண்ணு... இல்லீங்க. ஊர்ல இருக்கற எந்தப் பொண்ணும் இல்லீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். முருகையன் கீபோர்டின் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்தான். "அது மேல தப்பில்லீங்க, நான்தான் சரியா சொல்லலை. பொண்ணு பொறந்த நேரத்தைத் திரும்பச் சொல்லுங்க. முதல்ல இருந்து போடறேன்."

கோதண்டராமன் எழுந்து நின்றார். "போதும். இதுக்கு மேல என்னால பார்க்க முடியாது."

முருகையன் தலையைக் குனிந்துகொண்டான். வள்ளி போய்விட்டாள். பெட்டியிலிருந்தும் போனாள், கையிலிருந்தும் போனாள்.

வெள்ளையம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"ஜாதகம் எல்லாம் போன மாசமே பார்த்தாச்சு மாப்ள, நல்லாவே பொருந்துது, சொன்ன பேச்சு கேக்காததுகிட்ட நீங்க எவ்வளவு நேரம் கோவப்படாம இருப்பீங்கன்னு பார்க்கத்தான் வந்தோம், எங்க வள்ளி இந்தப் பொட்டியவிட மோசம்!"