மத்திகிரி வீட்டைப் பற்றி அண்ணனுக்கு

மத்திகிரி,
14-11-1957

மரியாதைக்குரிய அண்ணன் ஆரோக்கியநாதன் அவர்களுக்குத் தங்கை அருள்மேரி எழுதுவது. சர்வேசுரன் தயவில் நான் சுகம். சென்னையில் அண்ணியும் உங்கள் மூட்டுகளும் சுகமென்று நம்புகிறேன்.

பென்ஷன் வாங்கியபின் நிம்மதியாக உட்கார ஓசூர்ப் பக்கம் ஏற்றதா என்று பதினைந்து நாள் இருந்து பார்க்கச் சொன்னீர்கள். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். என் பதில், வேண்டாம். குளிரில் குறையில்லை. பெரிய வியாதி வந்தால் பெங்களூர் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும் என்பதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் படித்த ஆளை இந்த ஊர் விட்டுவைப்பதில்லை.

வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ராமப்பன் வந்து, முனிலட்சுமியின் எருமை தன் ராகிக் கொல்லையில் மேய்கிறதென்று ஊர் மணியக்காரருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார், நானும் பி.ஏ. படித்த பாவத்துக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதித் தந்தேன்; மறுநாள் காப்பி ஆறுவதற்குள் முனிலட்சுமி வாசலில் நிற்கிறாள்.

"ஏம்மா, எங்க எருமைய அடங்காப்பிடாரின்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாம், ஆனால்..."

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு மணியக்காரரே சொன்னாருங்க. பதிலும் நீங்களே எழுதிடுங்க. வேற யாரு எழுதினாலும் எடுபடாது."

எழுதினேன். ராமப்பன் வேலி கட்டச் சோம்பும் மனிதர் என்று எழுதினேன். அதற்கு அவர் மறுப்பு, அந்த மறுப்புக்கு அவள் மறுப்பு என்று ஒரு வாரமாகக் காலையில் என்னையே வைது மாலையில் எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று மணியக்காரர் அத்தனை மனுக்களையும் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டார். "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்குதுங்கம்மா. நீங்களே பேசித் தீர்த்துக்குங்க."

இன்று காலை தெலுங்கில் ஒரு பாகப்பிரிவினையும் கன்னடத்தில் ஒரு மாமியாரும் வந்து காத்திருக்கிறார்கள். கல்லூரி வேலையை விட்டதிலிருந்து ஓரிடத்தில் தரிக்காமல் அலையும் எனக்கே இங்கே அலைய நேரமில்லை. நாளெல்லாம் சாய்ந்து பேப்பர் படிக்க ஆசைப்படும் உங்களுக்கு இது ஆகவே ஆகாது.

அண்ணிக்கு என் அன்பு. தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.

தங்கை,
அருள்மேரி

பி.கு.: வீட்டுக்காரரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன், என் பெயரில். நீங்கள் தாராளமாக வரலாம், பின்கட்டு உங்களுக்கு. முன்னறை, மனு எழுத வரும் ஆட்கள் உட்காரும் இடம். வரும்போது நல்ல மை இரண்டு புட்டி வாங்கி வாருங்கள்; இங்கே கிடைப்பது முனிலட்சுமியின் கோபத்துக்குப் போதவில்லை.