ஹாலுக்கு நடந்து வந்த மெஷின்

தன் உடம்பில் உயிர் உள்ளவரை மச்சானின் பெட்டி மாடி அறைக்குள் நுழையாது என்று வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தார். வாயில் நுரை இருந்ததால் அதை உரக்கச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். மனைவி காது கேட்கும் தூரத்தில் இருந்தாள்.

விவகாரம் கடையில் ஆரம்பித்தது. கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு போன், சுவரோரம் கழற்றிச் சாய்த்த இரண்டு ட்ரம். போனை எடுப்பது மனைவி. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவது அவர். பதினோரு வருஷமாக இப்படித்தான். ஆனால் ஆறு மாதமாகப் போன் வாயே திறக்கவில்லை. பின்தெருவில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன் வாஷிங் மெஷினும் பார்க்கிறேன் என்று கிளம்பியிருந்தான். நெட்டில் தேடினால் அவன்தான் முதலில் வந்தான். இவர் நான்காவது பக்கத்தில், ஒரு பல் டாக்டருக்குக் கீழே இருந்தார்.

வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் காரணம் சொன்னான். சைட் இருந்தால் போதாது, அதில் எழுத்து இருக்க வேண்டும். எழுத இரண்டு வகை ஆட்கள் உண்டு. கன்டென்ட் ரைட்டர், தேடுகிறவர்களின் சந்தேகத்துக்கு விளக்கமாகப் பதில் எழுதுவார். அதனால் தேடலில் மேலே வரலாம். காப்பி ரைட்டர், நாலு வார்த்தையில் சுண்டி இழுப்பார். படித்தவன் கை தானாகப் போனுக்குப் போகும். இரண்டு பேரை வைத்துக்கொள்கிற அளவுக்குக் கடை பெரிதில்லை. யாராவது ஒருத்தர்.

"காப்பி ரைட்டர்னா, காப்பி அடிக்கிறவரா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஆத்துறவரா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். கன்டென்ட் ரைட்டர் என்றால் வெளியே தேடவே வேண்டாம். தம்பி அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி மூடிவிட்டதால் சும்மா இருக்கிறான். இங்கே வந்து எழுதட்டும். மேல் ரூமும் சும்மாத்தானே இருக்கிறது.

சும்மாத்தான் இருந்தது. அதற்காகத்தான் அவர் அதை நேசித்தார். உயிர் போன மெஷின்கள், அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர எதையும் காட்டாத ஒரு ஜன்னல். ஸ்பேர் பார்ட்ஸ் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போவார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருப்பார். வேறெங்கும் அவரால் உட்கார முடியாது. கீழே உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும், பிறகு இடது கால் அதோடு சேர்ந்துகொள்ளும், பிறகு எழுந்து நடப்பார். அந்த ஒரு நாற்காலியில்தான் இரண்டு காலும் சொன்னபடி கேட்டன.

மச்சானோ, ஃபேன் சுவிட்ச் எங்கே என்று கேட்டால் மின்சாரத்திலிருந்து ஆரம்பிக்கிறவன். மெக்கானிக் அவனுக்கு மனதுக்குள் விளக்கவுரை என்று பெயர் வைத்திருந்தார். ஒரு விஷயம் கையில் கிடைத்தால் ஊறவைப்பான், துவைப்பான், நாலு தடவை அலசுவான். பிழிய மட்டும் மாட்டான். அவன் மாடியில் இருந்தால் நாற்காலி இருக்கும், நாற்பது நிமிஷம் இருக்காது.

ஆகவே அவர் தானாகவே போய் ஒரு காப்பி ரைட்டரைப் பிடித்தார். எழுதித் தர முடியுமா என்று கேட்டார். "முடியும்." எப்போது? "வெள்ளி." வேறு ஏதாவது தெரிய வேண்டுமா? "வேண்டாம்." மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காப்பி ரைட்டருக்குச் சுருக்கெழுத்து என்று பெயரிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு தாள் வந்தது. அதில் இருந்தது மூன்று வார்த்தை: "ஈரத்துணி காத்திருக்காது. கூப்பிடுங்க." படித்ததும் அவருக்கே கூப்பிட வேண்டும் போலிருந்தது.

மனைவி சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். எட்டு வாரம் இரண்டு பேரும் எழுதட்டும் என்றாள். போன் பண்ணுகிறவர்களிடம் எதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்கள் என்று தான் கேட்பதாகவும், நோட்டில் அவரவர் பக்கம் ஒரு கோடு போடுவதாகவும், யாருக்குக் கோடு அதிகமோ அவருக்கு வேலை என்றும் சொன்னாள். நியாயமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் அது தன் யோசனை என்றே அவர் நம்பத் தொடங்கிவிட்டார்.

மச்சானின் கட்டுரை வந்தது. தலைப்பு, 'சலவை இயந்திரம்: ஓர் அலசல்'. ஆற்றங்கரையில் மனிதன் முதன்முதலாகத் துணியை நனைத்ததில் தொடங்கியிருந்தது. பதினோராவது பாராவில்தான் மின்சாரம் வந்தது. மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பன்னிரண்டு நாளில் போன் இரண்டு முறை அடித்தது. ஒன்று ராங் நம்பர். இன்னொன்று மச்சான்; கட்டுரை எப்படி என்று அக்காவைக் கேட்க ஐம்பது நிமிஷம் பேசினான். இரண்டு பக்கமும் கோடு இல்லை. மெக்கானிக் முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். சமமாக முடிந்தால் யாருக்கு வேலை என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசிக்கொள்ளாத விஷயங்கள் அந்த வீட்டில் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் முடியும்.

பதின்மூன்றாம் நாள் தெருமுனைத் தையல்காரரிடம் போனை இரவல் வாங்கினார். தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, குரலைத் தொண்டைக்கு அடியில் இறக்கினார்.

"வாஷிங் மெஷின் சர்வீஸ், சொல்லுங்க சார்," என்றாள் மனைவி.

"மெஷின் ரிப்பேர்ங்க."

"என்ன ரிப்பேர்?"

அதை யோசித்துக்கொண்டு வர மறந்திருந்தார். பதினோரு வருஷத்தில் பார்த்த ஒரு ரிப்பேர்கூட நினைவுக்கு வரவில்லை.

"நடக்குது," என்றார்.

"என்ன நடக்குது?"

"மெஷின் நடக்குதுங்க."

"எவ்வளவு தூரம் சார்?"

"பாத்ரூம்லேர்ந்து ஹால் வரைக்கும்."

"தண்ணி எடுக்கறப்பவா, பிழியறப்பவா?"

"பிழியறப்ப. வாங்கி நாலு நாள்தான் ஆகுது. மாமியார் பயந்துட்டாங்க."

"பாவம். எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?"

"ஈரத்துணி காத்திருக்காதுன்னு போட்டிருந்துச்சே. அதைத்தான்."

அட்ரஸ் கேட்டாள். அதையும் அவர் யோசித்திருக்கவில்லை. வாய்க்கு வந்த தெருவில், வாய்க்கு வந்த கதவு எண்ணில் குடியேறினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் ஒரு சீட்டை நீட்டினாள். போகாமல் இருக்க முடியாது. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய், ஒரு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்தார். என்ன கோளாறு என்று கேட்டாள். லாரியில் வரும்போது ட்ரம் ஆடாமலிருக்கப் பின்னால் நாலு போல்ட் மாட்டியிருப்பார்கள், அதை எடுக்காமலே ஓட்டியிருக்கிறார்கள் என்றார். வீட்டில் இருக்கிறவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள். சொன்னார். எந்த ஸ்பேனர் என்றாள். அதையும் சொன்னார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். சுருக்கெழுத்தின் பக்கம் ஒரு கோடும் போட்டாள்.

பிறகு வழி பழகிவிட்டது. முடிதிருத்துகிறவர் போனிலிருந்து ஒரு ரிட்டயர்டு நீதிபதி கூப்பிட்டார். அவர் மெஷினில் தண்ணீர் இறங்காமல் நின்றது, அவருக்கு இருமலும் இருந்தது. மருந்துக்கடை போனிலிருந்து ஒரு ஹாஸ்டல் வார்டன். துவைத்த துணியில் துவைக்காத வாசனை வந்தது. வாட்ச்மேன் போனிலிருந்து ஒரு பெண்மணி, மெல்லிய குரலில், மெஷின் துணியைக் கடிக்கிறது என்றாள். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்கம்மா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. அவர் குடித்துவிட்டுப் பேசினார்.

ஒவ்வொருவரிடமும் அவள் துருவித் துருவிக் கேட்டாள். எப்போதிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து சத்தம், முதலில் என்ன நினைத்தீர்கள், நீங்களாக என்ன செய்து பார்த்தீர்கள். சாயங்காலம் அவரிடம், அதற்கு என்ன செய்தீர்கள் என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் அவர் தொழிலைப் பற்றி இவ்வளவு கேட்டதில்லை. கடைசியில் தன் அருமை புரிந்திருக்கிறது என்று நினைத்தார். இந்த நேரத்தில் ஏமாற்ற வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் வருத்தம் காலில் இல்லை. கால் மறுநாளும் தையல்கடைக்குப் போனது.

ஐந்தாவது வார முடிவில் சுருக்கெழுத்துக்கு ஒன்பது கோடு. விளக்கவுரைக்கு ஒன்றுமில்லை. போதும் என்று நிறுத்தினார். தோள்பட்டை வலித்தது. அறையைக் காப்பாற்றும் மும்முரத்தில் அந்த அறைக்குள் போயே மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, மனைவி ஒரு சீட்டை நீட்டினாள்.

"மெஷின் பாத்ரூம்லேர்ந்து ஹாலுக்கு நடக்குதாம்."

அன்று அவர் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. பழைய சீட்டு கையில் சிக்கியிருக்கும், அவள் குழம்பியிருக்கிறாள், கிளறாமல் இருப்பதே நல்லது என்று வாங்கிக்கொண்டார். அட்ரஸைப் பார்க்கவில்லை. அவர் அட்ரஸ் பார்த்துப் போய் எத்தனையோ நாளாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு. அதே போல்ட்தான்."

"அவர் மூணு தடவை கூப்பிட்டுட்டார். இன்னும் ஆளைக் காணோம்னு."

மெக்கானிக்கின் வலது கால் ஆடத் தொடங்கியது. அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேற வீட்டுக்குப் போயிட்டீங்க போலிருக்கு," என்றாள்.

"ஆமா. வேற வீடு."

"அங்கேயும் நடக்குதா?"

அவர் டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சீட்டில் இருந்த தெரு நிஜமாகவே இருந்தது. கதவு எண்ணும் இருந்தது. ஹாலின் நடுவில், வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி, ஒரு மெஷின் நின்றுகொண்டிருந்தது. சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என்று வீட்டுக்காரர் அறிமுகம் செய்தார்.

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். மெக்கானிக்கின் சைட்டேதான். தலைப்பு: 'மெஷின் பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு நடக்குதா? மாமியார் பயப்படறாங்களா?' கீழே நாலு போல்ட், எங்கே இருக்கும், எந்த ஸ்பேனர், எல்லாம் வரிசையாக இருந்தது. ஆற்றங்கரையைக் காணோம்.

"நான் மெஷின் ஹாலுக்கு நடக்குதுன்னுதான் தேடினேன் சார். இதுதான் முதல்ல வந்துச்சு. மனசுல நினைச்சதை அப்படியே எழுதியிருக்காங்க. போல்ட் எனக்குக் கழற்ற வரலை, அதான் கூப்பிட்டேன்."

மெக்கானிக் திரையை விரலால் தள்ளினார். தண்ணீர் இறங்கவில்லையா. துவைத்த துணியில் துவைக்காத வாசனையா. மெஷின் துணியைக் கடிக்கிறதா. ஒன்பது பேரும் வரிசையாக வந்தார்கள். நீதிபதியின் இருமலை மட்டும் விட்டிருந்தார்கள். எந்த நாட்டிலும் எந்தக் கன்டென்ட் ரைட்டருக்கும் கிடைக்காதது, ஜனங்கள் என்ன வார்த்தையில் கேட்கிறார்கள் என்பதுதான். மச்சானுக்கு அதைக் குரலை மாற்றி மாற்றி யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதிலோடு.

அதற்குப் பிறகு போன் அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கவுரையின் பக்கம் நாலு, ஆறு, எட்டு என்று கோடுகள் ஏறின. கடைசி நாள் காலையில் ஒன்பதுக்கு ஒன்பது. ஒரே ஒரு அழைப்பு போதும். தையல்காரரின் போனை வாங்கிக்கொண்டு சட்டைகளுக்குப் பின்னால் போனார். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் உள்ளது என்றது. முடிதிருத்துகிறவரிடம் ஓடினார். உபயோகத்தில் உள்ளது. மருந்துக்கடையிலும் உபயோகத்தில்தான் இருந்தது. தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு மணி நேரம் அலைந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவர் கடைக்கு லைன் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பதினான்கு கோடு. போனை வைத்துவிட்டு, தம்பி ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவான் என்றாள். அதற்குள் மேலே உள்ள மெஷின்களையெல்லாம் இறக்கி அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றாள்.

மெக்கானிக் கடைசியாக ஒரு வழி பார்த்தார். "அது ஒவ்வொண்ணும் யானை கனம். ஒத்தை ஆளா என்னால எப்படி இறக்க முடியும்?"

"ஒத்தை ஆளா எதுக்குங்க?" என்றாள் அவள், அடுத்த போனை எடுக்கப் போகும்போது. "அந்த ஒன்பது பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க."