ஏணியும் பிடிக்க ஓர் ஆளும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் மகள், தங்கள் பேத்தி, ஏழு ஏணிகள் ஆகிய அனைவரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் அத்தையின் இடது முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நண்பரின் குடோனில் கணக்கெழுதும் வேலை எனக்காகக் காத்திருப்பதாகவும், உண்டா இல்லையா என்று ஒரே வரியில் உடனே பதில் போடும்படியும் எழுதியிருந்தீர்கள். ஒரே வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். "உண்டு" என்பதுதான் அந்த வரி. ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால், மாப்பிள்ளை தொழிலில் தோற்று ஓடி வருகிறான் என்று தாங்கள் நினைத்துவிடக்கூடும். தோற்றது உண்மைதான். எப்படித் தோற்றேன் என்று தெரிந்தால் தங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரலாம் என்ற நம்பிக்கையில் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதுகிறேன்.

ஆட்குறைப்பு என்று சொல்லி ஆபீசில் என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே வாரம் எங்கள் சமையலறை பல்பு ஃப்யூஸ் ஆனது. இந்த வீட்டுக் கூரை உயரம். ஏணி கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். கேட்ட வீட்டிலெல்லாம், "எங்ககிட்ட இல்லையே, நாலு வீடு தள்ளிக் கேட்டுப் பாருங்க" என்றார்கள். நாலு நாலு வீடாகத் தள்ளித் தள்ளித் தெருவின் மறுகோடிக்கே போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வீட்டிலும் கூரை இருக்கிறது, ஒரு வீட்டிலும் ஏணி இல்லை! ஆபீசில் கொடுத்தனுப்பிய பணத்தில் பாதியைக் கொட்டி ஏணிகள் வாங்கினேன். வாடகைக்கு விடுவதாகத் தங்களிடம் போனில் சொன்னபோது தாங்கள், "ஏன் மாப்பிள்ளை, மேசை மேல நாற்காலியைப் போட்டு ஏறிட்டா உங்க ஏணி யாருக்கு வேணும்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே போட்டி அந்த மேசையும் நாற்காலியும்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதிலும் நாற்காலிக்கு மேல் ஒரு தலையணையையும் போட்டு ஏறுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏழு ஏணிகளையும் வீட்டுக்குள்தான் வைத்தோம், வேறு எங்கே வைப்பது? நின்றதெல்லாம் நடையில் நின்றது. எல்லாவற்றிலும் பெரியதற்குப் பேத்தி "நெட்டையன்" என்று பெயர் வைத்திருக்கிறாள். அவன் எங்கள் படுக்கையறையில் தலையை வைத்து, ஹாலைக் கடந்து, சமையலறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வாரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் நடையே மாறிப்போய், கடைத்தெருவில்கூடக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தோம். இதையெல்லாம் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஏணிகளையும் ஏற இறங்கப் பார்த்தார். "குடும்பம் இருக்கத்தான் சார் வீடு குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா, இந்த இடத்தில் தங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்கு உயரம் என்றால் பயம். மூன்றாவது படிக்கு மேல் போனால் உள்ளங்கை வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தச் சமையலறை பல்பைக்கூடத் தங்கள் மகள்தான் ஏறி மாட்டினாள். ஏணி வாடகைக்கு விடுகிறவன் எதற்கு ஏறவேண்டும், குதிரை வாடகைக்கு விடுகிறவன் பந்தயம் ஓடுகிறானா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் வாடிக்கையாளர் ஒரு பெயின்டர். இரண்டு ஏணிகளை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. ஆளைத் தேடிக் கண்டுபிடித்தபோது ஒரு வீட்டின் மாடிச் சுவரில், என் ஏணியின் உச்சியில், பாட்டுப் பாடிக்கொண்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். "வாங்க ஏணிக்காரரே, மேல வாங்க, பேசிக்கலாம்" என்றார். நான் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்து, "வாடகை!" என்று கத்தினேன்.

"மெதுவாக் கேளுங்க சார்! வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மெதுவாக் கேட்டா உங்க காதுலயே விழாதே! எப்ப இறங்குவீங்க?"

"செவுரு முடிஞ்சதும்."

சுவரோ நீளச் சுவர். அவர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக எட்டி எட்டி அடிக்க, ஏணி இப்படியும் அப்படியுமாக ஆட, நான் ஓடிப் போய் ஏணியின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாடகை வாங்க வந்தவன் மத்தியானம் முழுக்க அப்படியே நின்றேன். தலையில் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. சுவர் முடிந்து இறங்கி வந்தவர், பாக்கி வைக்காமல் வாடகையைக் கொடுத்தார், கூடவே ஒரு பங்கு அதிகமாகவும் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "இத்தனை வருஷத்துல இவ்வளவு கெட்டியா யாரும் எனக்கு ஏணி பிடிச்சதில்ல சார். பீடி குடிக்கப் போயிடுவானுங்க, போன் பேசப் போயிடுவானுங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடற மாதிரியில்ல பிடிச்சீங்க!" என்றார். நான் பிடித்தது பயத்தில் என்று அவரிடம் சொல்லவில்லை. தங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே வாசல் போர்டில் "ஏணி வாடகைக்குக் கிடைக்கும்" என்பதற்குக் கீழே "பிடித்துக்கொள்ள ஆளும் உண்டு" என்று எழுதினேன். அதற்கப்புறம்தான் மேசையும் நாற்காலியும் கொஞ்சம் பின்வாங்கின. அடுத்த தெருவில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார், தனியாக. ஒட்டடை அடிக்க, திரை மாட்ட, கடிகாரத்துக்கு பேட்டரி போட என்று வாரம் தவறாமல் கூப்பிடுவார். நான் பிடிக்க, அவரே சேலையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவார். "ஏறக்கூடாதுன்னு என் பையன் போன்ல சத்தம் போடறான். வந்து பிடிடான்னா மட்டும் லீவு இல்லைங்கறான்" என்று மேலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். வேலை முடிந்தாலும் இறங்க மாட்டார். மேலே இருந்து பார்த்தால் தன் வீடே புதுசாகத் தெரிகிறது என்பார். பேசுகிற நேரத்துக்கும் சேர்த்து வாடகை கொடுப்பவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் மாமா, மாதக் கடைசி என்று ஒன்று இருக்கிறதே. ஆபீசில் இருந்தவரை மாதக் கடைசிக்கு அடுத்த நாள் சம்பளம் வரும். சொந்தத் தொழிலில் மாதக் கடைசிக்கு அடுத்த நாள் வீட்டுக்காரர் வருவார். எனக்குத் தூக்கம் போனது. சாப்பிடும்போது கவலை, பல் தேய்க்கும்போது கவலை, பேத்தி கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் அந்தக் கணக்கிலும் கவலை. "ஆப்பிள்காரன் பத்து ஆப்பிள் வித்தா எவ்வளவு லாபம்ப்பா?" என்று கேட்டாள். "அவனுக்குக் கடை வாடகை போக என்னம்மா மிஞ்சும்!" என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தங்கள் மகள் பார்த்தாள். ஒரு சட்டம் போட்டாள்.

"ஏங்க, கவலைப்பட வேண்டாம்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல. பாத்திரம் கழுவும்போது மட்டும் கவலைப்படுங்க. குழாயை நிறுத்தினா கவலையையும் நிறுத்திடணும். சரியா?"

சரி என்றேன். உண்மையாகவே இதில் பலன் இருந்தது, மாமா. கவலை என்பது ஒரு இடத்தில் கட்டிப்போட்டால் அடங்கி நிற்கிற மாடாக இருக்கிறது. எங்கள் பாத்திரங்களில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாடகை வராத நாட்களில் பாத்திரம் போதாமல் போய், கழுவியதையே எடுத்து மறுபடி கழுவினேன். ஒருநாள் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "நேத்து பாத்திரச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுதே சார், இந்த மாசமும் வாடகை லேட்டா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "ஏணியெல்லாம் இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க. இல்லேன்னா நீங்களும் சேர்ந்து காலி பண்ணிடுங்க" என்றும் சொல்லிவிட்டார்.

இப்படி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் போன வெள்ளிக்கிழமை வந்தது. தொழில் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. காலையிலிருந்து ஆள் மேல் ஆள். நெட்டையன்கூடப் போய்விட்டான். கடைசியாக, கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர் வந்து நின்றபோது வீட்டில் ஒரு ஏணியும் இல்லை. எண்ணிப் பார்த்தால் வாடகைக்குப் போனது ஆறு. ஏழாவது எங்கே என்று தேடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிமேல் சாத்தி வைத்திருந்தது. யாரோ எடுத்துப் போய் வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு அதைத் தூக்கிவந்து போர்டுக்காரரிடம் கொடுத்தேன். ஏழும் வாடகைக்குப் போய்விட்டன! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆகாயத்திலிருந்து ஒரு குரல்.

"யோவ்! என் ஏணி எங்கய்யா?"

வீட்டுக்காரர், மாமா! கேட்டால் வாடகை கேட்பேன் என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஏணியை எடுத்துப்போய்த் தொட்டிமேல் ஏறி, தலையை உள்ளே விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஏணியை எடுத்தது அவருக்கும் தெரியவில்லை, அவர் அங்கே இருந்தது எனக்கும் தெரியவில்லை. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போர்டுக்காரர் அதற்குள் கடைமேல் ஏறிவிட்டார். எந்த ஏணியைத் தேடிப் போனாலும் அதன்மேல் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். "சார், கொஞ்சம் இறங்குங்க சார், எங்க வீட்டுக்காரரு மேல மாட்டிக்கிட்டாரு" என்று ஊரெல்லாம் கெஞ்சினேன். கடைசியில் பெயின்டர்தான் மனமிரங்கி இறங்கி, நெட்டையனின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார்.

நான் திரும்பியபோது தங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்து, மொட்டைமாடியில் நின்று, வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் பின்பக்கம் செவுரோரம் காலியாத்தானே சார் கிடக்கு?"

"காலியாத்தாம்மா கிடக்கு! முதல்ல ஏணியைக் கொண்டாரச் சொல்லு!"

"வந்துக்கிட்டே இருக்கு சார். அங்க ஒரு தகரம் போட்டா ஏணியெல்லாம் வெச்சுக்கலாம் பாருங்க. வீட்டுக்குள்ளயும் இடைஞ்சல் இல்ல."

"போட்டுக்கம்மா! தகரம் போடு, ஓடு போடு, என்ன வேணா போட்டுக்க! வெயில் மண்டையைப் பொளக்குது!"

"அப்ப காலி பண்றதுன்னு சொன்னீங்களே..."

"யாரு சொன்னா?"

ஏணியைச் சாத்தினோம். வீட்டுக்காரர் ஒரு காலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். "நீங்க பிடிங்க சார். அந்தப் பெயின்டர் வேண்டாம், நீங்க பிடிங்க" என்றார். அவர் கண்ணிலும் நான் பார்த்தது என்னுடைய அதே பயத்தைத்தான். "கீழ பாக்காதீங்க சார். செவுரையே பாத்துக்கிட்டு வாங்க. நான் விடமாட்டேன்" என்றேன். படிப்படியாக இறங்கி வந்தவர் தரையில் கால் பட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, "ஏணி வாடகை என்னாச்சு?" என்று கேட்டார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. தங்கள் மகள் வாங்கிக்கொண்டாள்.

இதெல்லாம் நல்லதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் மழைக்காலம் வருகிறது, மாமா. மழையில் யார் ஏணி ஏறுவார்கள்? பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். எத்தனை நாளைக்குப் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருப்பது? நிலையான சம்பளம் என்பது எனக்கு இனி ஏணி வைத்தாலும் எட்டாது என்றிருந்தபோது தாங்களே கையில் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். அதை உதறினால் என்னைப் போல் மடையன் இருக்க முடியாது. ஆகவே உண்டு. ஏணிகளைப் பெயின்டரிடமே விலை பேசி முடித்துவிட்டு ஒன்றாம் தேதி காலை குடோனில் இருப்பேன். தங்கள் நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தையின் முழங்காலுக்கு நல்லெண்ணங்களும், தங்களுக்கு நமஸ்காரங்களும், பேத்தியின் முத்தங்களும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத,
மருமகன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லித் தங்கள் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "குடோனுக்கு வர்றேன்னு எழுதின லெட்டரா இது? இதைப் படிச்சா எனக்கே ஏணி வாடகைக்கு எடுக்கணும் போல இருக்கு" என்றாள். மழைக்காலம் என்றேன். "மழைக்கு முன்னாடி ஒழுகுதான்னு பாக்க ஏறுவாங்க. மழை வந்தப்புறம் ஒழுகுதேன்னு ஏறுவாங்க. என் சம்பளம் இருக்கு, இன்னும் ஒரு வருஷம் பாப்போங்க" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தைக்கு போன் போட்டுவிட்டாள். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபிக்கக்கூடாது: "உங்கப்பா ரெண்டு வாரமா தினமும் காலையில அந்த குடோனுக்குத்தாண்டி போறாரு. சும்மா உக்காந்து பில்லெல்லாம் அடுக்கிக் குடுத்துட்டு வர்றாரு. ராத்திரி நல்லாத் தூங்கறாரு. மாப்பிள்ளைக்கு அந்த வேலையைச் சொல்லிட்டேன்னு வந்து சொன்ன அன்னைக்குத்தான் மனுஷன் சரியாவே சாப்பிடல."

ஆகவே மாமா, மேலே எங்கெல்லாம் "உண்டு" என்று இருக்கிறதோ அங்கெல்லாம் "இல்லை" என்று திருத்திப் படிக்கவும். ஒன்றாம் தேதி காலையில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு தாங்களே கிளம்பிவிடவும். இந்த வயதில் வேலைக்கா என்று யாராவது கேட்டால், வேலையை வாங்கிக் கொடுத்தும் மாப்பிள்ளை கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான், நண்பருக்குக் கொடுத்த வாக்கை நானாவது காப்பாற்ற வேண்டாமா என்று பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிடுங்கள். நான் தாங்கிக்கொள்கிறேன்.